பொக்கைவாயன் என்ற குறடு

போன மாதம் நோர்வேயிலிருந்து நகுலன் கைபேசியில் மூன்று படங்கள் அனுப்பியிருந்தான். மூன்றிலும் மடித்துப் பையில் வைக்கிற குறடுகள். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளி நிறம், மூன்றாவது மஞ்சள் பிடி போட்டது. கீழே இப்படி எழுதியிருந்தான்: "குணம் அண்ணை, ஒவ்வொரு நாளும் பொக்கற்றிலை வைச்சிருக்க ஒண்டு வாங்கப் போறன். உதுகளிலை எது நல்லது? உங்களட்டையும் அந்த நாளையிலை இப்பிடி ஒண்டு இருந்ததெல்லே."

எண்பத்தொன்பதில் நகுலன் என்னிடம் வேலை பழக வந்தவன். இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது. அங்கே மாடிக் கட்டடங்களில் லிப்ட் திருத்துகிறானாம். நான் பொதுவாகக் கேட்டவுடன் பதில் சொல்லுகிற ஆள். கேட்காவிட்டாலும் சொல்லுவேன் என்று என் மனைவி சொல்லுவாள். இந்தக் கேள்விக்கு மட்டும் "யோசிச்சுச் சொல்லுறன்" என்று எழுதிவிட்டு ஒரு மாதமாகச் சும்மா இருந்தேன். இப்போது சொல்லப்போகிறேன். பதில் கொஞ்சம் நீளம்.

முப்பத்தொரு வருடம் நான் செய்தது இறைப்பு மெஷின் திருத்துகிற வேலை. யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. வெங்காயமோ புகையிலையோ மிளகாயோ எல்லாம் கிணற்றுத் தண்ணீரில்தான் விளைகின்றன. அந்தத் தண்ணீரை மேலே கொண்டுவருகிற மண்ணெண்ணெய் மெஷின் நின்றுபோனால் தோட்டக்காரர் எங்களிடம்தான் ஓடி வருவார்கள். வலிகாமத்தில் ஒரு விவசாயச் சங்கத்தின் திருத்தகம் அது. பெயர் இங்கே வேண்டாம். எண்பத்து மூன்றில் சேர்ந்தேன். முதல் ஒரு வருடம் பிளக் துடைத்தேன், நட்டுக் கழுவினேன், ஏச்சு வாங்கினேன். அந்த வருடத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

எங்கள் போர்மன் சூசைப்பிள்ளை. கொழும்புத்துறையிலிருந்து தினமும் சைக்கிளில் வருவார். குரலை உயர்த்தவே மாட்டார். அவருடைய கோபத்தை அறிய வேறு வழி இருந்தது. நல்ல மனநிலையில் இருந்தால் எங்களை "நீ" என்பார். பிழை கண்டுபிடித்துவிட்டால் "நீர்" ஆகிவிடும். "நீர் நேற்றுப் போட்ட வாசர் எது?" என்று மெதுவாகத் தொடங்குவார், மூக்குக் கண்ணாடியைப் பஞ்சுக் கழிவால் துடைப்பார். அந்தத் துடைப்பு முடியும்வரை நேற்றுப் போட்ட வாசர்களை மனதுக்குள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு நிற்போம். மரியாதை கூடக்கூடப் பயம் கூடுகிற ஒரே இடம் எனக்குத் தெரிய அந்தத் திருத்தகம்தான்.

காலை எட்டு மணிக்கு வேலை தொடங்குமுன் அவர் ஒரு சடங்கு வைத்திருந்தார். நாங்கள் ஆறு பேரும் நீள மேசையின் முன்னால் நின்று சட்டைப்பைகளைக் கவிழ்க்க வேண்டும். நாலு சாமான் கட்டாயம் இருக்க வேண்டும். வெட்ட ஒன்று, முறுக்க ஒன்று, இரண்டு கையையும் விரித்த நீளத்தில் ஒரு பாகம் முறுக்கு நூல், தேய்க்க விரலளவு அரத்தாள். ஒன்று குறைந்தாலும் வீட்டுக்குப் போய் எடுத்து வரவேண்டும். ஒருநாள் நூலை மறந்துபோனதற்காக நான் நாலு மைல் திரும்பிச் சைக்கிள் மிதித்தேன். வாய்க்குள் அவரைத் திட்டிக்கொண்டுதான் மிதித்தேன்.

"பெட்டி முழுக்கச் சாமான் கிடக்கு, ஐயா. பேந்து ஏன் பொக்கற்றிலையும்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பெட்டி சைக்கிளோடை மேலை நிக்கும். நீ கீழை நிப்பாய். உன்னோடை கிணத்துக்குள்ளை வாறது பொக்கற்றிலை கிடக்கிறது மட்டும்தான்," என்றார். பிறகு சொன்னார்: "எங்கடை அப்பு இடுப்பிலை கத்தி இல்லாமல் ஒருநாளும் தோணியிலை ஏறினதில்லை. மீன் வெட்டவே? இல்லை. வலை காலிலை சுத்தினால் வெட்டிப்போட்டு வெளியிலை வாறதுக்கு."

கிணற்றுக்கும் அவரிடம் ஒழுங்கு இருந்தது. கோடையில் தண்ணீர் வற்றி ஆழத்துக்குப் போய்விடும். மேலே வைத்த மெஷினால் அவ்வளவு ஆழத்திலிருந்து உறிஞ்ச முடியாது. அப்போது கிணற்றுக்குள்ளே குறுக்காக இரண்டு பனங்குற்றிகளைப் போட்டு, மெஷினைக் கயிற்றில் இறக்கி, அதன்மேல் இருத்திவிடுவார்கள். மெஷினின் புகையும் அங்கேயே தங்கும். ஆகவே இறங்குமுன் மெஷினை நிறுத்த வேண்டும். வேப்பங்குழையை ஒரு கட்டாகக் கட்டி, கயிற்றில் விட்டு, முப்பது தடவை மேலும் கீழுமாக இழுத்துக் காற்றைக் கலக்க வேண்டும். குப்பி விளக்கை இறக்கிப் பார்க்க வேண்டும். அது அணையாமல் நின்றால் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கலாம். அவசரப்படுகிற தோட்டக்காரர்கள் பக்கத்தில் நின்று முணுமுணுப்பார்கள். சூசைப்பிள்ளை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டேயிருப்பார்.

எண்பத்து நான்கின் கடைசியில், கப்பலில் வேலை செய்த அவருடைய மச்சான் இரண்டு சாமான் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்று சிவப்புப் பிடிக் கத்தி. கத்தரிக்கோல், தக்கை திருகி, பல்லுக்குத்தி என்று பதினொரு சாமான் அதற்குள் இருந்தன. மற்றது வெறும் இரும்பு. இரண்டு கைப்பிடியையும் விரித்தால் குறடு. பிடிகளுக்குள்ளே ஒரு அலகு, ஒரு அரம், மூன்று ஸ்குறூ ட்றைவர், தகரம் திறக்கிற ஒரு திறப்பான். இரண்டையும் மேசையில் வைத்து, "உனக்கு எது வேணும்? எடு," என்றார்.

என் கை நேரே சிவப்புக்குப் போனது. இருபத்தாறு வயதில் வேறெங்கே போகும்? அவர் தடுக்கவில்லை. வாளியிலிருந்த பழைய எண்ணெயில் என் இரண்டு கையையும் தோய்க்கச் சொன்னார். "இப்ப கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையாலை, அதை விரி பாப்பம்," என்றார். சிவப்புக் கத்தி வழுக்கி இரண்டு தரம் நிலத்தில் விழுந்தது. இரும்புச் சாமான் சும்மா ஒரு உதறலில் விரிந்தது. அதன் அலகில் நகம் வைக்க ஒரு பள்ளம் இருந்தது. எண்ணெய்க் கையிலும் அந்தப் பள்ளத்தை என் நகம் கண்டுபிடித்தது.

"கிணத்துக்குள்ளை ஒரு கை சுவரைப் பிடிச்சிருக்கும். மற்றக் கையாலை திறக்கேலாத சாமான் பதினொண்டு இருந்தாலும் ஒண்டுமில்லைத்தான்," என்றார்.

நான் இரும்பை எடுத்தேன். சிவப்புக் கத்தி சங்கக் கந்தோர் எழுதுவினைஞரிடம் போய், கடிதம் பிரித்துக்கொண்டு சுகமாக வாழ்ந்தது. என்னோடு வேலை செய்த இராசதுரையிடமும் அவர் கேட்டார். அவன் தன் பையில் மடித்து வைத்திருந்த கத்தியைத் தட்டி, "எனக்கு என்ரை வில்லுக்கத்தியே காணும், வேறை வேண்டாம், ஐயா," என்று சொல்லிவிட்டான். இராசதுரை என் வயதுக்காரன், வட்டுக்கோட்டைப் பக்கம். எந்த நேரமும் பகிடி. செத்த வீட்டிலும் அவனைப் பின்வரிசையில் இருத்த வேண்டும். என் குறட்டுக்குக் "கப்பல்காரன்" என்று பெயர் வைத்தவன் அவன்தான். நாலு வருடம் அந்தக் கப்பல்காரன் என் பையிலேயே இருந்தான். நூல் அறுத்தேன், குழாய் வெட்டினேன், மாம்பழமும் வெட்டினேன்.

எண்பத்தெட்டில் ஒருநாள் இராசதுரையும் நானும் ஒரு வேலைக்குச் சைக்கிளில் போனோம். வழியில் சோதனைச் சாவடி. யாருடைய சாவடி என்று கேட்காதீர்கள், அந்த வருடங்களில் மாறி மாறி இருந்தார்கள். இராசதுரையின் பையிலிருந்து வில்லுக்கத்தியை எடுத்தார்கள். எதற்கு இது என்று கேட்டார்கள். அவன் வாய் சும்மா இருக்காதே, "வெங்காயம் வெட்ட" என்றான். ஒரு அறை. காதிலிருந்து இரத்தம் வந்தது. மத்தியானம் வரை வெயிலில் முழங்காலில் நிற்க வைத்தார்கள். என் கப்பல்காரன் அன்று தற்செயலாகப் பெட்டிக்குள், எண்ணெய்ச் சீலையின் அடியில் கிடந்தான். அவர்கள் அவ்வளவு ஆழம் பார்க்கவில்லை. நான் வீதியோரத்தில் என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, இராசதுரையைப் பார்க்காமல் நின்றேன்.

அன்று பின்னேரம் திருத்தகத்துக்குத் திரும்பியதும் நேரே கிறைண்டருக்குப் போனேன். குறட்டை விரித்து, அலகை வெளியே இழுத்து, கல்லில் பிடித்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அலகு இருந்த இடத்தில் ஒரு வெறும் பள்ளமும், தேய்ந்த ஒரு சின்ன அடிக்கட்டையும் மிஞ்சின. இனி யார் எடுத்துப் பார்த்தாலும் இது வெறும் குறடு. எனக்கு மனம் ஆறுதலாக இருந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

காதில் பஞ்சோடு நின்ற இராசதுரை அதை வாங்கிப் பார்த்தான். நகத்தால் அந்தப் பள்ளத்தைத் தடவினான். பிறகு சிரிக்கத் தொடங்கினான்.

"டேய் குணம், அடி வாங்கினது நான். பல்லுக் கழண்டது உவனுக்கே? பொக்கைவாயன்!"

அன்றிலிருந்து அதன் பெயர் பொக்கைவாயன்.

மறுநாள் காலை பைகளைக் கவிழ்த்தோம். சூசைப்பிள்ளை என் முன்னால் வந்து நின்றார். குறட்டை எடுத்து விரித்தார், மடித்தார், திரும்ப விரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

"நீர் பயந்தது பிழையில்லை," என்றார். "எனக்கும் பயம்தான். ஆனா ஒளிச்சு வைச்சதைப் பேந்து எடுக்கலாம். தேய்ச்சதைப் பேந்து எடுக்கேலாது. சரி, நடந்தது நடந்துபோச்சு. ஒரு சின்னக் கத்தியைச் சீலையிலை சுத்திப் பெட்டியடியிலை வையும். இறங்கேக்கை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கும்."

"ஓம் ஐயா," என்றேன்.

வைக்கவில்லை. அவர் என் சொல்லை நம்பிப் பெட்டியடியைச் சோதிக்கவுமில்லை. நாளைக்கு வைக்கலாம் என்று நினைத்தேன். அந்த நாளை வரவில்லை.

தொண்ணூறில் அவர் ஓய்வுபெற்றுப் போனார். என்னைப் போர்மன் ஆக்கினார்கள். முதல்நாள் காலை எட்டு மணிக்கு எல்லோரும் வழக்கம்போல மேசைக்கு முன்னால் பைகளைக் கவிழ்த்துவிட்டு நின்றார்கள். நகுலனும் நின்றான். இனி எல்லோருடைய சாமானையும் பார்க்க வேண்டியவன் நான். என் சாமானையும் அவர்கள் பார்ப்பார்கள். வெட்ட ஒன்று எங்கே என்று நான் கேட்டால், உங்களுடையது எங்கே என்று ஒருவன் கேட்கமாட்டானா?

"உதெல்லாம் இனித் தேவையில்லை. பொடியள், வேலையைப் பாருங்கோ," என்றேன்.

எல்லோருக்கும் சந்தோசம். புதுப் போர்மன் நல்ல மனுசன் என்று பேர் வந்தது. இவ்வளவு சுலபமாக நல்ல பேர் வாங்கியது என் வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான்.

அதற்குப் பிறகு வந்த வருடங்களில் எங்கள் பக்கத்தில் அந்தச் சாவடிகள் போய்விட்டன, சட்டைப்பையைத் தடவிப் பார்க்க ஒருவரும் இல்லை. கத்தி வைத்திருப்பதற்காக யாரும் யாரையும் அடிக்கவில்லை. ஒரு வில்லுக்கத்தி வாங்க எனக்கு ஒரு தடையும் இல்லை. பயத்துக்குக் காரணம் போய்விட்டது, நான் மட்டும் அதே சாமானோடு இருந்தேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்மேல் வெறுப்பாக இருக்கிறது.

அந்த வருடங்களில் மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை. மண்ணெண்ணெய் மட்டும் குப்பிக் கணக்கில் கிடைத்தது. மண்ணெண்ணெயில் ஓடுகிற மெஷினைத் தொடக்கிவிடக் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். மருந்துக் குப்பி ஒன்றில் பெற்றோலை வைத்து, மூடியில் துளைபோட்டு, சொட்டுச் சொட்டாக விட்டு மெஷினை எழுப்புவோம். சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். ஆகவே ஒருமுறை எழும்பிய மெஷினை நிறுத்த யாருக்கும் மனம் வராது. சிலர் ஒரு தோட்டம் இறைத்து முடிந்ததும் ஓடுகிற மெஷினை அப்படியே வைத்துக்கொண்டு அடுத்த தோட்டக்காரரைக் கூப்பிடுவார்கள்.

தொண்ணூற்றிரண்டு ஆவணி மாதம். உரும்பிராய்ப் பக்கம் ஒரு வெங்காயத் தோட்டம். மெஷின் இருமி இருமி ஓடுகிறது, எந்த நேரமும் நின்றுவிடும் என்று தோட்டக்காரர் ஆள் அனுப்பியிருந்தார். இராசதுரையும் நானும் போனோம். காலை பத்து மணி. கிணற்றுக்குள் பதினைந்து அடி ஆழத்தில், இரண்டு பனங்குற்றியின் மேல் மெஷின் இருந்தது. கரும்புகை மெதுவாக மேலே வந்தது. காற்றில்லாத நாள்.

"மெஷினை நிப்பாட்டுவம், ஐயா," என்றேன்.

தோட்டக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "தம்பி, நிப்பாட்டிப் போடாதையுங்கோ. திருப்பி எழுப்ப என்னட்டை ஒரு சொட்டுப் பெற்றோல் இல்லை. பாதிப் பாத்திக்குத்தான் தண்ணி போயிருக்கு. மற்றப் பாதி இந்த வெயிலுக்குக் கருகிப்போம்."

எங்கள் குப்பியும் வெறுமையாகத்தான் இருந்தது. நான் இராசதுரையைப் பார்த்தேன். அவன் ஏற்கெனவே இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"காபரேற்றர் ஊசியை அரைச் சுத்துத் திருப்பினால் சரி, மச்சான். ரெண்டு நிமிச வேலை," என்றான்.

நான் போர்மன். வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சூசைப்பிள்ளை நின்றிருந்தால் மெஷினும் நின்றிருக்கும், வேப்பங்குழையும் முப்பது தடவை இறங்கி ஏறியிருக்கும், வெங்காயம் கருகியிருக்கும். நான் அவன் இடுப்பு முடிச்சை இறுக்கிப் பார்த்தேன்.

சுவரில் கால் வைக்க வெட்டியிருந்த குழிகளில் அவன் இறங்கினான். தோட்டத்து ஆட்கள் இருவர் கயிற்றைப் பிடித்தார்கள். விரல் தடிப்பில் நீல நைலோன் கயிறு. கீழே போய்ச் சேர்ந்ததும் ஏதோ பகிடி சொன்னான், சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. ஊசியைத் திருப்பினான். மெஷினின் சத்தம் மாறி ஒழுங்காக ஓடத் தொடங்கியது. நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கையைக் காட்டினான். பிறகு "தலை சுத்துது, மச்சான்" என்றான். இது எனக்குக் கேட்டது. குற்றியில் குந்தி இருந்தான். இருந்தவன் அப்படியே பக்கவாட்டில், மெஷினுக்கும் சுவருக்கும் இடையில் சரிந்தான்.

கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் பயந்துபோய் ஒரேயடியாக இழுத்தார்கள். விழுந்த வேகத்தில் கயிறு மெஷினின் இரும்புக் காலுக்கும் பனங்குற்றிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அவர்கள் இழுக்க இழுக்க அது இன்னும் உள்ளே இறுகியது. இராசதுரை அசையவில்லை.

நான் மூச்சை நிறையப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பையிலிருந்து பொக்கைவாயனை உதறி விரித்து, பிளக்கின் கம்பித் தொப்பியைப் பிடுங்கினேன். மெஷின் நின்றது. அது குறட்டின் வேலை, குறடு அதைச் செய்தது. பிறகு கயிறு. ஒரு பக்கம் மெஷினின் பாரம், மறுபக்கம் அவனுடைய பாரம். நடுவில் தந்தி மாதிரி விறைத்து நின்றது. இடுப்பு முடிச்சு இழுத்த இழுப்பில் கல்லாகிவிட்டது. ஸ்குறூ ட்றைவர் நுனியால் குத்தினேன், நெகிழவில்லை. வெட்ட வேண்டும். நான் காலைச் சோதனையை நிறுத்திய பிறகு இராசதுரையும் பையில் கத்தி வைத்திருக்கவில்லை. யோசிக்காமலே என் பெருவிரல் குறட்டின் பிடிக்குள் போனது. எட்டு வருடப் பழக்கம். நகம் நேரே அலகு இருந்த பள்ளத்துக்குப் போய், அங்கே ஒன்றுமில்லாமல் நின்றது.

குறட்டின் தொண்டையில் கம்பி வெட்டுகிற ஒரு சின்ன வாய் இருந்தது. அவ்வளவு தடித்த கயிறு அதற்குள் போகவில்லை. ஒவ்வொரு இழையாகக் கடித்துக் கடித்துப் பிய்த்தேன். ஐந்தோ ஆறோ இழை அறுந்திருக்கும். மூச்சு முடிந்தது. மேலே ஏறினேன்.

"கத்தி! கெதியாக் கத்தி!"

தோட்டக்காரரின் மகள் ஓடினாள். வீடு நாலு தோட்டம் தள்ளி இருந்தது. எங்கள் பெட்டியில் ஸ்பானர்கள்தான்; வெங்காயத் தோட்டத்தில் மண்வெட்டி இருக்கும், கத்தி எதற்கு இருக்கப்போகிறது? நான் மறுபடி இறங்கினேன். இன்னும் சில இழைகள். அவனுடைய முகம் எனக்குப் பக்கத்தில் இருந்தது. கன்னம் சிவந்து, நித்திரை கொள்கிறவன் மாதிரி இருந்தான். என் கண் இருட்டத் தொடங்கியது. மறுபடி ஏறினேன். மூன்றாவது தரம் இறங்கும்போது வாளியில் வைத்துக் கொடுவாக்கத்தி ஒன்றை இறக்கினார்கள்.

ஒரே வெட்டு. அவ்வளவுதான். கயிறு அறுந்தது. வாளிக் கயிற்றை அவன் கமக்கட்டுகளுக்குக் கீழே கட்டினேன், மேலே இழுத்தார்கள்.

ட்றக்ரர் பெட்டியில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிர் இருந்தது. டொக்டர் பொறுமையான மனுசன். மெஷின் புகை இரத்தத்தோடு கலந்துவிட்டது, மூளைக்குக் காற்றுப் போகவில்லை என்று விளங்கப்படுத்தினார். அந்தப் புகையைக் குப்பி விளக்கால்கூடக் கண்டுபிடிக்க முடியாது, மெஷினை நிறுத்துவதுதான் ஒரே வழி என்றார். "கொஞ்சம் முந்தி வெளியிலை எடுத்திருந்தால்..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். வீட்டிலிருந்து ஒரு கத்தி நாலு தோட்டம் தாண்டி வருகிற நேரம்.

இராசதுரையின் மனைவி புவனம் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். அழவில்லை. நடந்ததை ஒழுங்காகக் கேட்டாள். கயிறு மாட்டிய கதைக்கு வந்ததும் கேட்டாள்:

"கயித்தை வெட்டுறதுக்கு உங்களட்டைக் கத்தி ஒண்டும் இருக்கேல்லையே, அண்ணை?"

"கத்தி கொண்டு திரியேலாத காலம்தானே, தங்கச்சி," என்றேன்.

அவள் தலையாட்டினாள். அவளுடைய புருசன் ஒரு கத்திக்காக அடி வாங்கி முழங்காலில் நின்றவன். ஆகவே அந்தப் பதில் அவளுக்குச் சரியாகப்பட்டது. ஆனால் அது நாலு வருடம் பழைய பதில். நான் காலத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு நழுவிக்கொண்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் திருத்தகத்தில் எல்லோரையும் மேசைக்கு முன்னால் வரச்சொன்னேன். முதலில் என் பையைக் கவிழ்த்தேன். புதிதாக வாங்கிய வில்லுக்கத்தி ஒன்று அதில் இருந்தது. பிறகு அவர்களைக் கவிழ்க்கச் சொன்னேன். நகுலா, அன்று நீயும் அங்கே நின்றாய். ஏன் என்று உனக்கும் நான் சொல்லவில்லை.

இராசதுரை மூன்று மாதத்தில் எழும்பி நடந்தான். சாப்பாட்டைக் கையில் கொடுத்தால் சாப்பிடுவான். சாரத்தைப் புவனம்தான் உடுத்திவிட வேண்டும். என்னைக் கண்டால் சிரிப்பான். பேச்சு மட்டும் இல்லை. அந்த வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. கிழமைக்கு ஒருமுறை போய் அவனுக்குப் பக்கத்தில் இருந்து, திருத்தகத்தில் நடந்த புதினங்களை நானே சொல்லி, சிரிக்க வேண்டிய இடத்தில் நானே சிரித்துவிட்டு வருவேன். புவனம் தேத்தண்ணி தருவாள்.

தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி எல்லோரும் வலிகாமத்தை விட்டுப் போகவேண்டி வந்தபோது, அவனை என் சைக்கிள் கரியரில் இருத்தித் தள்ளிக்கொண்டு போனேன். ஒருபக்கம் புவனம், அவள் தலையில் ஒரு மூட்டை. மறுபக்கம் என் மனைவியும் பிள்ளைகளும். தென்மராட்சிக்குப் போகிற பாலத்தடியில் சனம் இறுகி, சைக்கிளை ஒரு முழம் தள்ளவும் வழியில்லாமல் நின்றோம். மழை தூறிக்கொண்டிருந்தது. பகல் பத்து மணியிருக்கும்.

சும்மா இருக்கமாட்டாத இராசதுரையின் கை என் சட்டைப்பைக்குள் போனது. பொக்கைவாயனை எடுத்தான். ஒவ்வொன்றாக விரித்தான். குறடு, அரம், ஸ்குறூ ட்றைவர்கள், திறப்பான். பிறகு அவனுடைய நகம் அந்த வெறும் பள்ளத்துக்கு வந்து நின்றது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். என்னை நிமிர்ந்து பார்த்தான். பழைய சிரிப்பு.

"பொக்கைவாயன்," என்றான்.

தெளிவாகச் சொன்னான். புவனம் மூட்டையை நிலத்தில் போட்டுவிட்டாள். "கதைச்சிட்டார், அண்ணை! கதைச்சிட்டார்!" என்று அந்தச் சனத்துக்கு நடுவில் நின்று அழுதாள். அக்கம்பக்கத்தில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். முன்பின் தெரியாத ஒரு கிழவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் அழுதேன். அவள் அழுதது சந்தோசத்தில்.

"என்ன சொன்னவர், அண்ணை? அது என்ன?"

அப்போது சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில், அந்த மழையில், யாரும் யாரையும் மன்னித்திருப்பார்கள்.

"ஒண்டுமில்லை, தங்கச்சி. எங்கடை பழைய பகிடி," என்றேன்.

அந்தச் சாமானை அவனிடமே விட்டுவிடும்படி கேட்டாள். விட்டேன். அதற்குப் பிறகு அவன் ஒன்பது வருடம் உயிரோடு இருந்தான். சில சொற்கள் வந்தன. தண்ணி, வெயில், புவனம். என்றாலும் பொக்கைவாயனைக் கையில் கொடுத்தால்தான் முகம் தெளியும். "உங்கடை சாமான்தான் அண்ணை அவரின்ரை வாயைத் திறந்தது," என்று போகிற நேரமெல்லாம் புவனம் சொல்லுவாள். நான் தேத்தண்ணியைக் குடித்து முடிக்காமல் எழும்பிவிடுவேன்.

நகுலா, உன் கேள்விக்கு வருகிறேன். எத்தனை சாமான் இருக்கிறது என்று எண்ணாதே. கையில் எண்ணெய் பூசிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையால் அலகு விரிகிறதா என்று பார். விரித்த அலகு தானாக மடியாமல் பூட்டு இருக்கிறதா என்று பார். கறுப்பா மஞ்சளா என்பது உன் இஷ்டம். என்றைக்காவது ஒளிக்கவேண்டி வந்தால் ஒளி. தேய்க்காதே.

இதை எழுதுமுன் உனக்கு அனுப்ப ஒரு படம் எடுக்கலாம் என்று போன வெள்ளிக்கிழமை வட்டுக்கோட்டைக்குப் போனேன். புவனம் சாமிப் படத்தட்டிலிருந்து பொக்கைவாயனை எடுத்துவந்தாள். தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறாள், ஒரு பொட்டுத் துரு இல்லை. மேசையில் தேத்தண்ணியை வைத்துவிட்டு முன்னால் இருந்தாள்.

"இவ்வளவு வருசமாத் துடைக்கிறன். இந்த இடத்திலை மட்டும் ஒரு பள்ளம் சும்மா கிடக்கு. இதிலை என்ன இருந்தது, அண்ணை?"

"கத்தி," என்றேன்.

"எப்ப இல்லாமல் போனது?"

"எண்பத்தெட்டிலை. அவருக்கு அடி விழுந்த அண்டைக்கு."

"ஆர் எடுத்தது?"

"நான்தான், தங்கச்சி. பயத்திலை. பேந்து வேறை ஒண்டு வாங்கியிருக்கலாம். நாலு வருசம் இருந்தது. வாங்கேல்லை."

புவனம் பொக்கைவாயனை மடித்தாள். எழும்பிப் போய்ச் சாமிப் படத்தடியில், எடுத்த இடத்திலேயே வைத்தாள். எனக்கு முதுகைக் காட்டியபடியே சாமிப் படத்தை நேராக்கினாள்.

"தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ," என்றாள்.

முப்பது வருடத்துக்கு மேலாக அந்த வீட்டில் எனக்குத் தேத்தண்ணி தந்திருக்கிறாள். அவள் "அண்ணை" என்று சேர்க்காமல் தேத்தண்ணி குடிக்கச் சொன்னது அன்றைக்குத்தான்.